சுபுஹுக்குப் பிறகு தூங்கும் தூக்கம்

எங்கள் கடையில் அத்தா உட்கார்ந்தபடியே தூங்குவதை ஊரே பார்த்திருக்கிறது. கேரள எல்லையோரத்து நல்லேப்பிள்ளியில் முன்பாதி கடை, பின்பாதி வீடு. அரிசி, பருப்பு, வெல்லம், மாட்டுத் தீவனம் விற்கிறோம். மதியத்துக்கு மேல் யாராவது வந்து வெல்லம் கேட்டால் எழுந்து எடை மெஷினில் வைப்பார். எண் ஓடி நிற்பதற்குள் அவர் கண் மூடியிருக்கும்.

“ஏனுங்க ராவுத்தரே, வெல்லத்தைத் தூங்க வெச்சது போதுமுங்க. எடுத்துக் கைல குடுத்தீங்கன்னா நான் ஊடு போய்ச் சேருவேன்.”

“ஆரு தூங்குனது? கணக்குப் போட்டுட்டிருந்தேன்.”

“குறட்டை விட்டுங்களா கணக்குப் போடுவாங்க?”

எல்லோரும் சிரிப்பார்கள். அத்தாவும் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டுதான் வளர்ந்தேன்.

சிரிப்பு நின்றது ஒரு வியாழக்கிழமை. வாராவாரம் அன்றைக்குத்தான் அத்தா எங்கள் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுப்பார். திரும்பி வரும்போது கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம், வளைவே இல்லாத ரோட்டில், வண்டி இறங்கி இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவில் போய் நின்றது. வெங்காய மூட்டைகள் சிதறியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. “ஆடு குறுக்க வந்துருச்சு” என்றார். அம்மா போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிரேக் போட்ட தடமே இல்லை, டயர் தடம் நேராக மரத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவருக்குச் சந்தையில் வேலை ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுவதுதான் வேலை. கல்யாணத்தில் அத்தாவின் அக்கா சொன்ன சொல், விற்றுவிட்ட பசுமாடு, கூரை மாற்றாத அடுக்களை என்று பழைய சண்டைகளையெல்லாம் வியாழக்கிழமைக்கென்று சேர்த்து வைத்திருந்தார். கோபம் வந்தால் மனிதர் தூங்கமாட்டார் என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம்.

அவர்கள் மகளான நான் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். தடித்த கழுத்து, சத்தமான குறட்டை, நடுவில் ஒரு நிசப்தம், பிறகு மூச்சுத் திணறி எழும் ஒரு சீறல், பகல் தூக்கம், காலையில் தலைவலி. எங்கள் மருத்துவரிடம் இவ்வளவும் சொன்னபோது அவர் என்னை முடிக்கவிடவில்லை. ஓரிரவு விரலிலும் மார்பிலும் கருவியைக் கட்டிக்கொண்டு அத்தா படுத்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதுவும் மோசமான நிலையில் என்று முடிவு வந்தது. சரியாகும்வரை வண்டி ஓட்டவேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார். அத்தாவுக்கு அந்தக் கடைசி வரி மட்டும் காதில் விழவில்லை.

“தூங்கறப்போ தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக் குழாயை அடைச்சுக்குதுங்கத்தா. மூச்சு நிக்குது. மூளை பதறி எழுப்பி விடுது. ராத்திரி பூரா இதேதான் நடக்குது.”

“நான் எந்திரிக்கவே இல்லையே கண்ணு.”

“நீங்க எந்திரிக்கலீங்க. உங்க மூளை எந்திரிக்குது.”

“அப்ப அதை ஒரு நா கடைல உக்காரச் சொல்லு. நான் போய்ப் படுத்துக்கறேன்.”

சி-பாப் கருவி வீட்டுக்கு வந்தது. ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுள்ள பெட்டி, ஒரு குழாய், முகத்தில் மாட்ட ஒரு மாஸ்க். காற்றை ஓர் அழுத்தத்தில் உள்ளே அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. அம்மாவின் தம்பியான என் மாமு, தேங்காய் வியாபாரிகளுக்கு டெம்போ ஓட்டுபவர், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“மச்சான், இனி உங்களுக்கும் காத்தடிச்சுத்தான் ரோட்டுல விடுவாங்களாட்ட இருக்குது. முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவுன்னு சொல்லிருங்க.”

“உன்ற வாய்க்கு ஒரு மிஷின் இருந்தா அதையும் வாங்கியாரச் சொல்றேன்” என்றார் அத்தா.

அத்தாவுக்கும் கருவிக்கும் இடையே மூன்று தடைகள் இருந்தன. முதலாவது தாடி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் தாடியின் மேல் படியவில்லை. ஓரமெல்லாம் காற்று கசிந்து, சோறு வடிக்கும்போது மூடி துடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. தாடியைக் குறைக்கும் பேச்சே கூடாது என்றார். அதனால் மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் வகையை வாங்கினேன். இரண்டாவது தடை வாய். தூக்கத்தில் அது திறந்துகொண்டது. மூக்கில் போன காற்றெல்லாம் வாய் வழியே வெளியேறிவிட்டது. அதற்கும் ஒரு வழி உண்டு. தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலைக்கு மேல் மாட்டும் அகலமான துணிப்பட்டை. வாய் திறக்காமல் தாங்கிப் பிடிக்கும்.

அதை நான் அத்தாவுக்கு மாட்டிக் காட்டிய சாயங்காலம் அம்மா உள்ளே வந்தார். வந்தவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, அத்தாவின் தலையிலிருந்து பட்டையை இழுத்தெடுத்தார்.

“உசுரோட இருக்கற மனுசனுக்கா தாடையைக் கட்டறே?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களில் ஒருவர் மௌத்தானதும் முதலில் செய்வது கண்களை மூடுவதும், வாய் திறந்தபடி நின்றுவிடாமல் துணியால் தாடையோடு தலையைச் சேர்த்துக் கட்டுவதும்தான். தன் அத்தாவுக்கு அம்மாதான் கட்டினாராம். அதே இடத்தில், அதே அகலத்தில்.

“மய்யித்துக்குக் கட்டற மாதிரி கட்டிக்கிட்டு எனக்குத் தூக்கம் வருமா?” என்று அத்தாவும் சொன்னார். பட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

மூன்றாவது தடை மூக்கு. அதைத் தாண்டியதில் இரண்டாவதும் தானாகத் தீர்ந்தது. எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும். உதடு வெடிக்கும், மூக்கு காய்ந்து அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைப்பதால்தான் அத்தாவின் வாய் திறக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. கருவியின் பக்கவாட்டில் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி உண்டு. அது சூடாகி, போகிற காற்றை ஈரப்படுத்தும். தினமும் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சோம்பிப்போய் அதை ஓரமாக வைத்திருந்தார்கள். அதைப் பொருத்தினேன். மூக்கு திறந்தது, வாய் மூடியது. எது எங்கே போகிறது, ஆவி எப்படித் தொண்டைவரை இறங்குகிறது என்று அத்தாவுக்குப் படம் போட்டே காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இன்னும் சிலவற்றையும் மாற்றினோம். இரவுத் தேநீர் நின்றது. மல்லாந்து படுக்காமல் இருக்க, பனியனின் முதுகில் பை தைத்து அதில் ஒரு ரப்பர் பந்தை அம்மா வைத்தார். அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் நல்ல காலம். மதியம் மூன்று மணிக்கு அத்தா பேப்பர் படித்தார். வெல்லம் கேட்டவருக்கு வெல்லம் கிடைத்தது. அம்மா வியாழக்கிழமை வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டார். சண்டைகள் பாக்கியிருக்கின்றன, ஆனாலும் அவசரமில்லை என்றார்.

மாசி வெயிலில் நோன்பு வந்தது.

முதல் வாரத்திலேயே அத்தா கடையில் மறுபடி கண் அயர்ந்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. நோன்பு வைத்தவர் மதியத்தில் அயர்வது சகஜம்தானே. கேலி செய்கிறவர்கள்கூட, “நோம்புக்காரர், பாவமுங்க” என்று காத்திருந்து வாங்கிப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவில் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து படுக்கத் தாமதமாகிறது, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழவேண்டும், தூக்கம் குறைவு என்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாமே உண்மையான காரணங்கள்.

அம்மா மட்டும் ஒன்றும் அடுக்கவில்லை. வியாழக்கிழமை பேசாமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“நோம்பு வாயோட எப்படிச் சண்டை போடறது? நபி மேல ஸலவாத்து சொல்லிக்கிட்டே வந்தேன். அது தாலாட்டாட்ட ஆயிருச்சு. ரெண்டு தடவை ஸ்டியரிங்க நான்தான் புடிச்சேன்.”

மறுநாள் எனக்கு விடுமுறை. சஹர் முடிந்து, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு எல்லோரும் மறுபடி படுக்கும் நேரம் அது. நோன்பு மாதத்தில் அத்தாவின் தூக்கத்தில் பாதி, விடிகிற நேரத்து அந்தத் தூக்கம்தான். கனவுகள் அதிகம் வருவதும், தொண்டைச் சதை மிகவும் தளர்வதும் அப்போதுதான். வெளிச்சம் வந்த பிறகு ஏதோ எடுக்க அவர் அறைக்குப் போனேன். கருவி அணைந்திருந்தது. மாஸ்க்கைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார். அத்தா மல்லாந்து கிடந்தார். குறட்டை ஒன்று உயர்ந்து, பாதியில் அறுந்து நின்றது. வயிறு மட்டும் எக்கி எக்கி ஏறி இறங்கியது. காற்று போகவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ திரைகளில் அலைகளாகப் பார்த்த ஒன்றை முதல் தடவையாக முகமாகப் பார்த்தேன். உதடு நிறம் மாறியது. பிறகு ஒரு பெரிய சீறலோடு காற்று உள்ளே போனது. அவர் விழிக்கவேயில்லை.

தோளைத் தட்டி எழுப்பினேன்.

“ஏனுங்கத்தா, கரண்டு போயிருச்சுங்களா?”

“இல்லை கண்ணு.”

“அப்பறம் ஏன் கழட்டுனீங்க?”

அவர் எழுந்து உட்கார்ந்து தாடியை நீவிக்கொண்டார். “நோம்பு வெச்சுக்கிட்டு அதை எப்படி மாட்டறது? நீதான படம் போட்டுக் காட்டுனே, தண்ணி ஆவியாகித் தொண்டைக்குள்ள எறங்குதுன்னு. சஹருக்கு முன்னாடி வரைக்கும் மாட்டறேன். அப்பறம் கழட்டிர்றேன்.”

“பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டீங்களா?”

“என்னன்னு கேக்கறது? ராவுத்தர் மூஞ்சில கொழாய் மாட்டிக்கிட்டுப் படுக்கறார்னு ஜமாஅத்து பூரா பேசறதுக்கா?”

அம்மா வாசலில் வந்து நின்றிருந்தார். “சீக்காளிக்கு நோம்பு கட்டாயமில்லைங்க. பின்னால வெச்சுக்கலாமுங்க.”

“நான் சீக்காளியா? நாலு மூட்டையை ஒருத்தனா எறக்கறேன். நாளைக்கு அல்லாகிட்ட போய் என்ன சொல்லச் சொல்றே, தூக்கம் பத்தலை, அதனால நோம்ப விட்டேன்னா?”

யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், ஒரு மனிதர் தன்னளவில் நேர்மையாகவே இதை முடிவு செய்திருந்தார். என்னிடம் இருந்த பதில்களெல்லாம் காற்றழுத்தம் பற்றியவை.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அன்று அதற்குச் சொல்ல ஹஜ்ரத்தே வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த இளைஞர். அத்தா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெந்தயம் நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

“ஹஜ்ரத், என் வேலைல ஒருத்தர் கேட்டாங்க. மூச்சு நின்னு போற வியாதிக்கு ஒரு மிஷின் மாட்டித் தூங்கறவரு. நோன்பு நேரத்துல மாட்டலாங்களான்னு.”

“மருந்து எதுவும் உள்ள போகுதா தங்கச்சி?”

“வெறும் காத்துதான். ஆனா ஈரமா இருக்கறதுக்குத் தண்ணி ஊத்துவாங்க. ஆவி போகும்.”

அவர் யோசித்தார். “வெறும் காத்து மூச்சு மாதிரிதான, அதுல ஒண்ணுமில்லை. ஆவியை வேணும்னு இழுக்கறதுன்னா அது வேற பேச்சு. எனக்குத் தெளிவில்லை. பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன். தண்ணி இல்லாம அது ஓடாதா?”

“ஓடுமுங்க.”

“அப்ப பகல்ல தண்ணி இல்லாம மாட்டிக்கிடச் சொல்லுங்க.” பிறகு குரலை உயர்த்தி, வெந்தயம் நிறுக்கும் முதுகைப் பார்த்துச் சொன்னார். “கூச்சப்படாம மாட்டிக்கிடச் சொல்லுங்க. தராவீஹ்ல நாலு ரக்அத்து முடிஞ்சு உக்காருத கொஞ்ச நேரத்துல அவரு விடுத குறட்டை எனக்கு மைக்குல கேக்குது.”

அத்தா திரும்பவில்லை. வெந்தயம் மட்டும் தட்டிலிருந்து கொஞ்சம் சிந்தியது.

ஹஜ்ரத் சொன்னபடி தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்து வைத்தேன். சுபுஹுக்குப் பிறகு அத்தா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். நான் பயந்ததுதான் நடந்தது. வறண்ட காற்றில் மூக்கு எரிந்து அடைத்தது. வாய் திறந்தது. வாய் வழியே காற்று பீறிட்டு, நாக்கு தோலாகக் காய்ந்து விழித்தார். நோன்பில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வழியில்லை. மூக்கு சிந்தினால் கைக்குட்டையில் இரத்தப் பொட்டு. மூன்று காலைகள் முயன்றார். நான்காவது காலையில் மாஸ்க் மறுபடி ஆணியில் தொங்கியது. அலமாரியின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவின் எதிரில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை. வருஷத்திலேயே அதிகச் சரக்கு எடுக்கும் நாள். அம்மா வண்டிச் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

“நோம்பு வைங்க, நான் தடுக்கலை. சாவி மட்டும் கேக்காதீங்க.”

“பெருநாளைக்குச் சரக்கில்லாம கடை தொறக்கறதா?”

“என்ற தம்பி ஓட்டுவான். நீங்க பக்கத்துல உக்காந்துட்டுப் போங்க.”

வாசலில் நின்றிருந்த மாமு கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். “வாங்க மச்சான், இன்னைக்கு நீங்க மொதலாளி. ஏசி மட்டும் இல்லை.”

அத்தா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏறி, இத்தனை நாள் அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். மாமு வண்டியிலிருந்து இறங்கி, கேலி எதுவும் சொல்லாமல் மூட்டைகளை ஒன்றொன்றாகத் தானே இறக்கினார். வழக்கமாக இரண்டு மூட்டைக்கு ஒரு நக்கல் வரும். அம்மா அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு என்ன என்று கேட்டார்.

“திரும்பறப்போ எல்லை தாண்டறதுக்குள்ள தூங்கிட்டாருக்கா. குறட்டை விட்டுட்டே வந்தாரு, நானும் பாட்டாட்ட கேட்டுட்டு வந்தேன். திடீர்னு சத்தம் நின்னுது. சரி, முழிச்சுக்கிட்டாருன்னு திரும்பிப் பாத்தா, வாய் தொறந்து கெடக்குது, மூச்சைக் காணோம். கூப்பிட்டேன், அசையலை. வண்டியை ஓரங்கட்டிக் கன்னத்துல ஓங்கி ஒண்ணு குடுத்தேன்.” மாமு அடித்த கையைத் தேய்த்துக்கொண்டார். “மச்சானக் கை நீட்டி அடிச்சுட்டேன்க்கா. நான் அவரு மௌத்தாயிட்டாருன்னே நெனச்சேன்.”

அம்மா, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோன்பு திறந்த பிறகு, மஃரிப் தொழுதுவிட்டு வந்த அத்தா என்னைக் கூப்பிட்டார். இடது கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

“அந்தப் பட்டை இருக்குதா?”

எனக்குப் புரிந்தது. ஆனாலும் எந்தப் பட்டை என்று கேட்டேன்.

“தாடைக்குக் கட்டறது. வாய் மூடிக்கிட்டா காத்து வெளிய போகாதுல்ல? மூக்கு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது.”

“நோன்பு முடியற வரைக்கும்தானுங்க. அப்பறம் தண்ணி ஊத்திக்கலாம்.”

“அதுக்குத்தான் கேக்கறேன். இன்னும் கொஞ்ச நாளு.” சற்று நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். “உங்கம்மா பாக்காத நேரத்துல எடு.”

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு நானே மாட்டிவிட்டேன். தாடியைத் தாண்டித் தாடையின் அடியில் சரியாக உட்காரும்படி பட்டையைக் கொடுத்து, உச்சிக்கு மேலே இறுக்கி ஒட்டினேன். ரொம்ப இறுக்காதே என்று கையால் காட்டினார். பேச முடியவில்லை. கருவியை இயக்கினேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். காற்று கசியவில்லை, குறட்டை இல்லை. மார்பு சீராக ஏறி இறங்கியது. ஒரு தொழில்நுட்பாளராக நான் கேட்கக்கூடியது இவ்வளவுதான்.

நான் திரும்பியபோது அம்மா கதவருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பட்டையைப் பிடுங்கவில்லை. உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அத்தாவின் முகத்தைப் பார்க்காமல், போர்வையின் மேல் அவர் மார்பு இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“நீ போய்ப் படு” என்றார் என்னிடம். “நான் இருக்கேன்.”

கடை திறக்கும் நேரம் வரை கையை எடுக்கவில்லை. பெருநாள் வரைக்கும் எல்லாக் காலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பெருநாள் அன்று நான் தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். பட்டை மேல்தட்டுக்குத் திரும்பியது. வண்டிச் சாவி இன்னும் மாமுவிடம்தான் இருக்கிறது. அத்தா அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.